டோனர் கேட்டால் எந்தக் கடையைக் காட்டுவார்கள்?

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரித் தோட்டத்து ஊருக்குப் புதிதாக வருபவர்களுக்கு முதல் வேலையே கடப்பிதழையும் பெர்மிட்டையும் நகல் எடுப்பதுதான். சொந்த ஊர்ப் பழக்கத்தில் 'ஜெராக்ஸ் கடை எங்கே?' என்று கேட்டால் சிலர் விழிப்பார்கள். இங்கே அது போட்டோஸ்டாட். மலாய்ப் பெயர்ப்பலகையிலும் அப்படித்தான் இருக்கும்.

அப்புறம் வீட்டுக்கு ஒரு பிரிண்டர் வாங்குவீர்கள். குப்பியிலிருந்து மை ஊற்றுகிற ரகம் என்றால் கடையில் 'டக்வாட்' என்று கேளுங்கள், மலாயில் மைக்கு அதுதான் பேர். லேசர் ரகத்துக்கு மட்டும்தான் டோனர். அது மையே அல்ல, நிறம் கலந்த பிளாஸ்டிக் தூள். நிலைமின்சாரத்தால் தாளில் ஒட்டி, சூட்டில் உருகிப் படிகிறது. இந்த முறையில் செஸ்டர் கார்ல்சன் 1938இல் முதல் நகலை எடுத்தார். 1959இல் வந்த ஜெராக்ஸ் 914 அதை அலுவலகங்களுக்குள் கொண்டுவந்தது. தூள் கையில் கொட்டினால் பச்சைத் தண்ணீரில் கழுவுங்கள், சுடுதண்ணீர் வேண்டாம். கடைக்குப் போகும்போது பிரிண்டரின் மாடல் எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். அது இல்லாமல் 'ஒரு டோனர் குடுங்க பாஸ்' என்றால் யாராலும் உதவ முடியாது.

பார்மசியில் அதே வார்த்தையைச் சொன்னால் முகத்துக்குப் பூசும் தண்ணீரை எடுத்துத் தருவார்கள். முகம் கழுவியபின், கிரீமுக்கு முன் பூசுவது. குழப்பம் இங்கேதான் அதிகம், ஏனென்றால் அலமாரியில் பல நாட்டுச் சரக்கு. கொரியாக் குப்பியில் 'ஸ்கின்' என்று மட்டும் போட்டிருந்தால் அது பெரும்பாலும் டோனர்தான். ஜப்பான் குப்பியில் 'லோஷன்' என்றிருக்கும். ஹாடா லாபோ லோஷனைப் பால் மாதிரி கெட்டியாக இருக்கும் என்று நினைத்து வாங்கினால் தண்ணீராக ஓடும். இந்தோனேசியச் சரக்கில் 'பென்யெகார்'. பேரை விட்டுவிட்டு, பின்னால் பூசும் முறை எப்படிப் போட்டிருக்கிறது என்று பாருங்கள்.

(இணையத்தில் தேடினால் இன்னும் வேடிக்கை. சுவீடன் மொழியில் அதே எழுத்துகளுக்கு (toner) இசைச் சுரங்கள் என்று பொருள். ஓர் 'n' கூடுதலாக விழுந்தால் பிரெஞ்சில் இடி இடிப்பது.)

பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) விற்கும் 'வெள்ளையாக்கும் டோனர்' பக்கம் போகாதீர்கள். ஒரே வாரத்தில் நிறம் மாறும் என்றால் சந்தேகப்பட்டே ஆக வேண்டும். பாதரசம், ஹைட்ரோகுவினோன், டிரெட்டினோயின் கலந்த அழகுப்பொருள்களை மலேசிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான என்.பி.ஆர்.ஏ. பலமுறை கண்டுபிடித்து அவற்றின் விற்பனை அறிவிப்பை ரத்து செய்திருக்கிறது. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். இங்கே முறையாக விற்கும் அழகுப்பொருளுக்கு 'என்.ஓ.டி.' (NOT) என்று தொடங்கி 'கே'யில் (K) முடியும் எண் உண்டு. அதை என்.பி.ஆர்.ஏ. தளத்தில் போட்டுப் பார்க்கலாம். எண் இருப்பதாலேயே அரசு சோதித்துப் பார்த்துவிட்டது என்று ஆகாது; நிறுவனம் அறிவித்திருக்கிறது என்றுதான் பொருள். ஆனால் எண்ணே இல்லாததை, பத்து வெள்ளிக்குக் (ரிங்கிட்டுக்குக்) கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

சலூனில் சொல்லும் டோனர் வேறு. முடியை பிளீச் செய்தபின் வரும் மஞ்சளை அடக்க ஊதாச் சாயம் பூசுவார்கள். அதற்குத் தனிக் காசு, உட்காருவதற்கு முன்பே விலையைக் கேட்டுவிடுங்கள்.