இந்த ஆண்டின் பிடித்த ஆல்பங்கள்: டிசம்பர் வரை காத்திருக்காதீங்க

ஆண்டுக் கடைசியில் "உனக்குப் பிடிச்ச புது ஆல்பம் எது?" என்று மாமாக் உணவுக்கடையில் தே தாரிக் தேநீரோடு நண்பர்கள் கேட்கும்போது, நவம்பரில் வந்தது மட்டுமே ஞாபகம் வரும். ஜனவரி ஆல்பம் பாவம். அதனால் கைப்பேசியில் ஒரு குறிப்பு திறந்து, ஆல்பத்தின் பெயர், முதலில் கேட்ட தேதி, ஒரே ஒரு வரிக் கருத்து மட்டும் எழுதி வையுங்க.

பாட்டுகளைக் கலைத்துப் போடும் ஷஃபிளை அணைத்து, முழு ஆல்பத்தையும் வரிசையாகக் கேளுங்க. எனக்கு அதற்கு ஏற்ற இடம் கிளானா ஜெயா எல்ஆர்டி ரயில். வேலைக்குப் போக நாற்பது நிமிடம், கிட்டத்தட்ட ஓர் ஆல்பம். கூட்ட நேரத்தில் நிற்க இடமில்லாவிட்டாலும் காது சும்மாதானே! சுரங்கப் பகுதியில் சிக்னல் தடுமாறலாம், வீட்டு வைஃபையிலேயே இறக்கிக்கொள்ளுங்க.

மூன்று மாதம் கழித்து மறுபடி கேட்டுப் பாருங்க. பாதி பெயர்கள் தானாக உதிரும்.

ஸ்பாட்டிஃபை தரும் ஆண்டுக் கணக்கை முழுசா நம்ப வேண்டாம். 30 விநாடி ஓடினாலே ஒரு முறை கேட்டதாக எண்ணிவிடும். என் கணக்கில் முதலிடம், அக்கா பையன் விடாமல் போட்ட பாட்டுக்கு.

நம்ம மலேசியக் கலைஞர்கள் பலர் தனிப்பாடல்களாகவே வெளியிடுகிறார்கள். அவற்றுக்குத் தனிப் பட்டியல் வையுங்க.