சிரித்துக்கொண்டே நெட்வொர்க் படிக்க ஒரு வழி

எங்கள் டீமில் புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம் முதல் வாரமே ஆர்எஃப்சி 1149-ஐக் கொடுத்துவிடுவேன். இணையம் இயங்கும் விதிகளை எழுதிவைக்கும் ஆவண வரிசைதான் ஆர்எஃப்சி. புறாவின் காலில் தரவைக் கட்டி அனுப்புவது எப்படி என்று சொல்லும் நெறிமுறை அது. டேவிட் வைட்ஸ்மன் எழுதி, 1990 ஏப்ரல் 1 அன்று, முட்டாள்கள் தின நகைச்சுவையாக வெளியானது. நல்ல தொழில்நுட்ப நகைச்சுவையில் தொழில்நுட்பம் துல்லியமாக இருக்கும். அதனால் விஷயம் புரிந்தால்தான் சிரிப்பு வரும். நான் பாடம் நடத்த இதை நம்புவதற்கு அதுதான் காரணம்.

யாரோ எழுதிய சுருக்கத்தைத் தேடாமல் மூல ஆவணத்தையே திறங்கள். ரொம்பச் சின்னதுதான். பக்கத்தில் ஒரு தாள் வைத்து, சிரிப்பு வராத வரிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு எது தெரியவில்லை என்பதை அந்த வரிகளே காட்டிக்கொடுக்கும். எம்டியு 256 மில்லிகிராம் என்று ஒரு வரி வரும். நெட்வொர்க்கில் தரவு பாக்கெட் என்னும் சிறு துண்டுகளாகத்தான் போகும்; ஒரே பாக்கெட்டில் அதிகபட்சம் எவ்வளவு போகலாம் என்பதுதான் எம்டியு. கேபிள் வழி நெட்வொர்க்கான ஈத்தர்நெட்டில் அது வழக்கமாக 1500 பைட். இங்கே எடைக்கணக்கில் வருகிறது. புறாவுக்கு வயது ஏற ஏற எம்டியுவும் கூடுமாம்!

அப்புறம் பெர்கன் நகரத்துக் கதைக்குப் போங்கள். 2001 ஏப்ரலில் நார்வேயின் அந்த ஊர் லினக்ஸ் குழுவினர் நிஜமாகவே புறாக்களைப் பறக்கவிட்டு பிங் செய்தார்கள், அதாவது ஒரு பாக்கெட்டை அனுப்பி பதில் வருகிறதா என்று பார்த்தார்கள். 9 பாக்கெட் போனது, 4 பதில் வந்தது. வேகமான பதிலுக்கே 3211 வினாடி ஆனது. உங்கள் டெர்மினலில் ஏதாவது ஒரு சர்வரை பிங் செய்து, அந்த முடிவை இதன் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். பாக்கெட் இழப்பு, போய்வரும் நேரம் இரண்டும் அதற்குப் பிறகு மறக்காது.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது ட்ரே ஹாரிஸ் 2002-ல் எழுதிய 500 மைல் மின்னஞ்சல் கதை. அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் அவர் மெயில் சர்வர்களைக் கவனித்துவந்த காலம். 500 மைலுக்கு அப்பால் மெயில் போகவில்லை என்று புள்ளியியல் துறைத் தலைவர் புகார் சொல்கிறார். இந்த இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டு, என்னவாக இருக்கும் என்று உங்கள் ஊகங்களை எழுதுங்கள். டிஎன்எஸ் (பெயரை வைத்து முகவரி கண்டுபிடிக்கும் ஏற்பாடு), ஃபயர்வால் (வேண்டாத இணைப்புகளைத் தடுக்கும் அரண்), எதுவானாலும் சரி. எழுதியபின் மட்டும் மேலே படியுங்கள்.

விடையை இங்கே சொல்லித்தான் ஆகவேண்டும், ரசிக்க வேண்டிய கணக்கு அதில்தான் இருக்கிறது. சர்வரின் இயங்குதளத்தை யாரோ புதுப்பித்ததில், மெயில் அனுப்பும் நிரலான சென்ட்மெயில் மட்டும் பழைய பதிப்புக்குப் போய்விட்டது. புதிய பதிப்புக்கான அமைப்புக் கோப்பு அதற்குப் புரியவில்லை; இணைப்புக்கான டைம்அவுட், அதாவது பதிலுக்குக் காத்திருக்கும் நேரம், பூஜ்யமாகிவிட்டது. அந்த இயந்திரத்தில் பூஜ்யம் என்றால் நடைமுறையில் சுமார் 3 மில்லிவினாடி. அந்த நேரத்தில் ஒளி போகும் தூரத்தை, அலகுகளை மாற்றித்தரும் யூனிட்ஸ் நிரலில் நீங்களே போட்டுப் பாருங்கள்: 558 மைலும் கொஞ்சமும் வரும்.

இதோடு விடாதீர்கள், கதையோடு சண்டை போடுங்கள். பதில் திரும்பி வரவும் நேரம் வேண்டுமே? கண்ணாடி இழைக்குள் ஒளியின் வேகம் வெற்றிடத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதானே? இந்த மாதிரிக் கேள்விகளுக்கு ஹாரிஸே பின்னர் விளக்கம் எழுதினார். உங்கள் கணக்கை முடித்துவிட்டு அதைப் படியுங்கள். எங்கள் டீமில் இந்த ஒரு கதைக்கு மட்டும் ஒரு முழு மதியத்தை ஒதுக்குவேன்.

இணைய சர்வர்கள் பதிலோடு அனுப்பும் எண்களில் 418-ஐயும் விட்டுவிடாதீர்கள். காபி போடச் சொன்னால் தேநீர்க் கெண்டி திருப்பி அனுப்பும் பிழை எண் அது. லாரி மசின்டர் 1998-ல் எழுதியது. கோ என்ற நிரல்மொழியின் நூலகத்தில் இன்னமும் இருக்கிறது. அதை அனுப்பும் ஒரு குட்டி சர்வரை நீங்களே எழுதுங்கள், பத்துப் பதினைந்து வரி போதும். 400 வரிசை எண்கள் ஏன் கேட்டவர் பக்கத்துப் பிழை, 500 வரிசை ஏன் சர்வர் பக்கத்துப் பிழை என்பதை அதை வைத்தே பேசிவிடலாம்.

கடைசியாக ஆர்எஃப்சி 3514. ஸ்டீவன் பெல்லோவின் 2003-ல் எழுதியது. கெட்ட நோக்கமுள்ள பாக்கெட்டுகள் தாங்களாகவே ஒரு பிட்டை 1 ஆக்கிக்கொள்ள வேண்டும் என்கிறது. அதைப் படிக்கும் முன் ஐபிவி4 தலைப்பை (ஒவ்வொரு பாக்கெட்டின் முன்னாலும் வரும் விவரப் பகுதி) 32 பிட் வரிசைகளாகத் தாளில் வரைந்து, பயனில்லாமல் கிடக்கும் பிட் எது என்று தேடுங்கள். கிடைக்காவிட்டால் ஃப்ளாக் பகுதியின் மூன்று பிட்டுகளைப் பாருங்கள், அவற்றில் முதலாவது.