டேன்டம் ஜம்ப் வீடியோ எடுக்கணுமா, மொதல்ல கழுத்தை மறந்துடுங்க

டேன்டம்னா ஒரு பயணியை இன்ஸ்ட்ரக்டர் தன்னோட கட்டிக்கிட்டு விமானத்துல இருந்து பாராசூட்டோட குதிக்கிறது, கூடவே குதிச்சு அதை வீடியோ எடுக்குறதுதான் என் வேலை. தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் கல்யாண வீடியோ எடுக்குற பசங்க என்னைப் பார்த்தா கேக்குறது ஒரே கேள்விதான், அண்ணா வானத்துல குதிச்சுக்கிட்டே கேமராவை ஆடாம எப்படிண்ணா புடிக்கிறீங்கன்னு. புடிக்கிறதே இல்லப்பா. கேமரா ஹெல்மெட் மேல ஒக்காந்திருக்கு, போட்டோவுக்கு வாயில ஒரு சுவிட்ச் இருக்கும் அதைக் கடிச்சா கிளிக் ஆகும், கை ரெண்டும் றெக்கை, காலு ரெண்டும் ஸ்டியரிங். நானும் பாலக்கோட்டுல மண்டபம் மண்டபமா கேமரா தூக்கினவன்தான், ஆனா அந்தப் பழக்கம் மேல போனா கை கொடுக்காது, காலை வாரி விட்டுடும். தாலி கட்டுற நேரத்துல கூட்டத்துக்கு மேல கையத் தூக்கி கழுத்தை வளைச்சு எப்படியாச்சும் ஷாட்டை வாங்கிடுவோம்ல, மேல தலையத் திருப்புனா ஃப்ரேமே திரும்பிடும். அதனால உடம்பு மொத்தமா போய் நிக்கணும், தலை சும்மா இருக்கணும்.

ஆர்வத்துல நாளைக்கே கிளம்பிடாதீங்க. அமெரிக்க பாராசூட் சங்கம் யுஎஸ்பிஏ கணக்குப்படி கேமரா மாட்டுறதுக்கே சி லைசன்ஸ் (ஏ, பி, சி, டின்னு நாலு படியில மூணாவது), குறைஞ்சது 200 ஜம்ப் வேணும், டேன்டம் கூட பறக்க அதுக்கும் மேல. நம்ம தர்மபுரி பக்கம் இதுக்கு இடம் கிடையாது, வெளிய போய்த்தான் கத்துக்கணும். ஆனா உடம்பு எப்படி இருக்கணும்ங்கிறதை வீட்டு மாடியிலயே பாதி பழகிடலாம், அதுக்குத்தான் இதை எழுதுறேன்.

மொதல்ல வேகத்தைப் புரிஞ்சுக்கோங்க. தனி ஆள் வயிறு கீழ பாத்த மாதிரி விழுந்தா சுமார் 190 கிமீ வேகம். டேன்டம்ல பயணியும் இன்ஸ்ட்ரக்டரும் ஒண்ணா கட்டி இருக்காங்க, ரெண்டு பேர் எடை, காத்தைத் தடுக்கிற பரப்பு கிட்டத்தட்ட ஒரு ஆளோடது, அப்படியே விட்டா 270க்கு மேல போயிடும். அதனால குதிச்ச சில நொடியில ட்ரோக்னு ஒரு சின்ன பாராசூட்டை பின்னாடி வீசுவாங்க, அது இழுத்துப் புடிச்சு திரும்ப 190 பக்கம் கொண்டு வரும். ஆனா பயணி 50 கிலோவா 90 கிலோவாங்கிறதைப் பொறுத்து வேகம் ஆளுக்கு ஆள் மாறும், அவங்க வேகத்துக்கு நாமதான் சரி பண்ணிக்கணும், அவங்க நமக்காக ஒண்ணும் பண்ண மாட்டாங்க.

எப்படி சரி பண்றது? தொப்பூர் கணவாய்ல பஸ் எறங்குறப்ப சின்ன வயசுல ஜன்னல் வழியா கைய நீட்டி கண்டக்டர்கிட்ட திட்டு வாங்கி இருப்பீங்கல்ல, உள்ளங்கையக் கொஞ்சம் சாய்ச்சா கை தானா மேல போகும், அதே கதைதான். இடுப்பை முன்னாடி தள்ளி வில்லு மாதிரி வளைஞ்சா, அதுக்கு ஆர்ச்னு பேரு, காத்து உடம்பைச் சுத்தி வழுக்கிட்டுப் போயிடும், வேகமா விழுவோம். நெஞ்சை உள்ள வாங்கி முதுகைக் கூன் போட்ட மாதிரி வச்சு, கைகால் அகட்டுனா மெதுவா ஆவோம். கேமரா ஜம்ப்சூட்ல கைக்கும் இடுப்புக்கும் நடுவுல துணி றெக்கை இருக்கும், அதை விரிச்சா இன்னும் மிதக்கலாம், முழங்கைய மடக்கி ஒடுக்குனா கீழ போகலாம். முன்னாடி போக ரெண்டு காலையும் நீட்டணும், பின்னாடி போக காலை மடக்கி கைய முன்னாடி நீட்டணும். பக்கவாட்டுல போகணும்னா எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்து முழங்கையையும் முட்டியையும் லேசா இறக்கணும், ஆனா முகம் டேன்டம் பக்கமே இருக்கணும், இதுதான் பழக ரொம்ப நாள் ஆகும்.

போன லீவுல வந்தப்ப எங்க சித்தப்பா பையனுக்கு இதை மாடியில சொல்லிக் கொடுத்தேன். முக்காலி மேல தலகாணி வச்சு அதுல இடுப்பு படுற மாதிரி குப்புறப் படுக்க வச்சு, ஹெல்மெட்டுல கோப்ரோ மாட்டி விட்டேன். மாமரத்துக் கிளை மாடி மேல சாஞ்சிருக்கும், அதுல ஒரு பெங்களூரா மாங்கா தொங்கிட்டு இருந்துச்சு. அந்த மாங்கா ஃப்ரேமுக்கு நடுவுலயே இருக்கணும், நான் சொல்றப்ப காலை நீட்டு, மடக்கு, ஒரு முட்டிய எறக்குன்னேன். மொத தடவை வீடியோவைப் போட்டுப் பாத்தா, காலை நீட்டும்போதெல்லாம் மாங்கா ஃப்ரேமோட மேல் ஓரத்துக்குப் போயிடுது, அதாவது காலு நீளும்போது தாடை தானா கீழ எறங்குது. அவனுக்கே தெரியல. மூணாவது நாள்தான் மாங்கா எடத்துலயே நின்னுச்சு. (சித்தி கீழ இருந்து, ஏன்டா அந்த மாங்காயப் பறிச்சுத் தொலைங்களேன்டான்னாங்க.)

இனி குதிக்கிற எடம். கேமராக்காரன் விமானத்துக்கு வெளிய கம்பியப் புடிச்சு, படி மேல கால் வச்சுத் தொங்கணும், டேன்டம் வாசல்ல நிப்பாங்க. குதிக்கிறதுக்கு முன்னாடி இன்ஸ்ட்ரக்டர் வாசல்ல முன்னும் பின்னும் ஆடுவாரு, அந்த ஆட்டத்துலயே எண்ணிக்கை இருக்கு, அதோட நாமளும் கைய விடணும். ஒரு நொடி பிந்துனா விமானம் 40 மீட்டர் பக்கம் போயிருக்கும், லென்ஸ்ல ஆளு புள்ளியாத்தான் தெரியும். ரொம்ப முந்துனா அவங்க நம்ம தலைக்கு மேல வந்துடுவாங்க, இது இன்னும் மோசம். இன்னொண்ணு, இங்க எகிறிக் குதிக்கவே கூடாது. காத்து அப்ப கீழ இருந்து வரல, விமானம் போற திசையில முன்னாடி இருந்து வருது, அதனால நெஞ்சையும் இடுப்பையும் அந்தப் பக்கம் காமிச்சு, கதவு தானா திறந்துக்கிற மாதிரி வெலகி விழணும். பயணியோட மூஞ்சில அந்த மொத பயம் இருக்கு பாருங்க, அந்த ரெண்டு நொடிக்குத்தான் அவங்க காசே கொடுக்குறாங்க.

அப்புறம் நிக்கிற எடம்: எதிர்ல, ரெண்டு மூணு மீட்டர் தள்ளி, அவங்க கண்ணுக்குக் கொஞ்சம் கீழ, முடிஞ்சா சூரியன் உங்க முதுகுப் பக்கம். நேர் மேல போகவே கூடாது, அங்க ட்ரோக் இருக்கு, போதாக்குறைக்கு அவங்க முதுகுக்கு மேல காத்து கலங்கி வெத்தா இருக்கும், அதுல மாட்டுனா பொத்துனு அவங்க மேலயே விழுவோம். நேர் கீழயும் கூடாது, தப்பித் தவறி நம்ம பாராசூட் தானா திறந்துச்சுன்னா நேரா அவங்களுக்குள்ள போய்டும்.

நான் மொத மொத டேன்டம் எடுத்தப்ப பயணி ஒல்லியான பொண்ணு, நான் பதட்டத்துல உடம்பை நல்லா வளைச்சு ஆர்ச் புடிச்சுட்டேன், அவங்க மெதுவா வராங்க நான் கல்லு மாதிரி எறங்குறேன். மேல ஏற வழி தெரியாம கழுத்தைத் தூக்கித் தூக்கிப் பாத்தேன். வீடியோ பூரா ஷூ அடிப்பாகம், கழுத்து ஒரு வாரம் திரும்பல, இன்ஸ்ட்ரக்டர்கிட்ட வாங்குன திட்டு தனி. அன்னிக்கு நான் பண்ண வேண்டியது ஒண்ணே ஒண்ணு, நெஞ்சை உள்ள வாங்கி றெக்கைய விரிச்சுட்டு காத்திருக்கணும், அவங்களே என் மட்டத்துக்கு வந்திருப்பாங்க.

பாராசூட் திறக்குற ஷாட் தனி வித்தை. பொதுவா 5,000 அடிக்கு மேலயே இன்ஸ்ட்ரக்டர் கையசைச்சுட்டு இழுப்பாரு. அதுக்கு முன்னாடியே கொஞ்சம் பின்னாடி நகர்ந்துக்கோங்க. திறந்ததும் அவங்க மேல பறந்துட்ட மாதிரி தெரியும், உண்மையில அவங்க வேகம் குறையுது, நாம அதே வேகத்துல விழுறோம். அதைத் தொடர்ந்து எடுக்க முட்டிய இறக்கி, நெஞ்சைத் தூக்கி, நாற்காலியில சாயுற மாதிரி உடம்பையே சாய்க்கணும். ரெண்டு மூணு நொடி, போதும். அதோட உயரம் காட்டுற ஆல்டிமீட்டரைப் பாத்து, முதுகைக் காட்டித் திரும்பி வெலகிப் போயிடணும். சி, டி லைசன்ஸ்காரங்க 2,500 அடிக்குக் கீழ போறதுக்குள்ள இழுத்தாகணும், 1,000 அடி கடக்க அஞ்சரை நொடிதான், கணக்குப் போட்டுக்கோங்க. இழுத்துட்டு அண்ணாந்து பாக்காதீங்க, ஹெல்மெட்ல அத்தனை எடை இருக்கு, திறக்குற குலுக்கல்ல கழுத்து போயிடும், அதனால பார்வை நேரா அடிவானத்துல. பாராசூட் கயிறு கேமராவுல மாட்டிக்கிட்டா ஹெல்மெட்டைக் கழட்டி விடுற பட்டை எங்க இருக்குன்னு கண்ண மூடிக்கிட்டே தொடத் தெரியணும், அதையும் மாடியிலயே பழகுங்க.

நம்ம பாராசூட் சின்னது, அவங்களுக்கு முன்னாடியே எறங்கிடுவோம். எறங்குனதும் சுருட்டி அள்ளிக்கிட்டு அவங்க வர பாதைக்கு ஓரமா ஓடி நில்லுங்க, எதிர்ல நிக்காதீங்க, ரெண்டு பேர் எடையோட வழுக்கிட்டு வருவாங்க. இப்ப காலு தரையில இருக்கு, அந்தப் பழைய மண்டபக் கழுத்தை இங்க தாராளமா திருப்பிக்கலாம்.