டிவியில் படம் தடையின்றி ஓட: புதிதாகக் குடியேறுபவர்களுக்கு ஓர் இணைய வழிகாட்டி

வாடகைக்கு வீடு பார்க்கப் போகும்போதே, இணையக் கம்பி எந்தச் சுவர் வழியாக உள்ளே வருகிறது என்று கவனித்துவிடுங்கள். பலர் சோபா, டிவி எல்லாம் போட்ட பிறகே அந்தச் சாக்கெட்டைத் தேடுகிறார்கள். அது படுக்கையறை மூலையில் இருக்கும். டிவியோ வீட்டின் மறுகோடியில் இருக்கும். அப்புறம் திரையில் வட்டம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

இணைய நிறுவனம் தரும் கேட்வே என்பது மோடமும் ரௌட்டரும் ஒன்றாகச் சேர்ந்த பெட்டி. வெளியிலிருந்து வரும் இணைப்பை வாங்கி, வீட்டில் உள்ள எல்லாக் கருவிகளுக்கும் பங்கிட்டுக் கொடுக்கும். ஃபைபர் இணைப்பாக இருந்தால் சுவரில் இன்னொரு சிறிய பெட்டி இருக்கக்கூடும். அதிலிருந்து கேட்வேக்கு ஒரு கேபிள் வரும். முதல்முறை மின்சாரம் கொடுத்ததும் கேட்வே தன் மென்பொருளைப் புதுப்பித்துக்கொள்ளத் தொடங்கலாம். விளக்குகள் விட்டு விட்டு எரியும். பழுது என்று எண்ணி இடையில் சுவிட்சை அணைத்துவிடாதீர்கள். இணைய விளக்கு நிலையாக எரியும்வரை பொறுத்திருங்கள்.

படம் நின்று நின்று ஓடினால் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது, கூடுதல் வேகத் திட்டத்துக்கு மாறிவிடலாம் என்பது. அந்தப் பணத்தைச் செலவழிக்கும் முன் கொஞ்சம் கணக்குப் பாருங்கள். 1080பி தரத்துக்கு நொடிக்கு 5 மெகாபிட், 4கே தரத்துக்கு 15 மெகாபிட் போதும் என்பது நெட்ஃபிளிக்ஸ் தரும் அளவு. 100 மெகாபிட் திட்டம் சாதாரணக் குடும்பத்துக்குத் தாராளம். வேகம் எங்கே தொலைகிறது என்பதைக் கண்டுபிடிப்பதும் எளிது. கைப்பேசியில் வேகச் சோதனையை ஒருமுறை கேட்வேக்கு அருகிலும், ஒருமுறை டிவிக்கு அருகிலும் நின்று செய்யுங்கள். முதல் இடத்தில் நன்றாகவும் இரண்டாவது இடத்தில் மோசமாகவும் இருந்தால் நிறுவனத்தின் மீது குறையில்லை; வைஃபை வழியில் பலமிழக்கிறது.

பெட்டி அழகாக இல்லை என்று அலமாரிக்குள் வைத்து மூடுவதும், டிவிக்குப் பின்னால் ஒளித்து வைப்பதும் பல வீடுகளில் நடக்கிறது. இரண்டும் வேண்டாம். உலோகம், முகம் பார்க்கும் பெரிய கண்ணாடி, மீன்தொட்டி நீர் எல்லாமே அலையைத் தடுக்கும். இடுப்புயரத்துக்கு மேல், திறந்த இடத்தில், கேபிள் எட்டும் தூரம்வரை வீட்டின் நடுவை நோக்கி நகர்த்தி வையுங்கள். வைஃபை பொதுவாக இரண்டு அலைவரிசைகளில் வரும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தூரம் போகும், ஆனால் வேகம் குறைவு. மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசையில் இயங்குவதால் சமையல் நேரத்தில் இடையூறு வரும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவர்களைத் தாண்டினால் சோர்ந்துவிடும். கேட்வே இருக்கும் அறையிலோ அடுத்த அறையிலோ டிவி இருந்தால் 5ஐத் தேர்ந்தெடுங்கள்.

என்னைக் கேட்டால், டிவிக்கு வைஃபையே வேண்டாம். லேன் கேபிள் போடுங்கள். டிவி நகராத பொருள், அதற்குக் கம்பியில்லா இணைப்பு எதற்கு? கேட் 5இ வகைக் கேபிள் 100 மீட்டர்வரை 1 கிகாபிட் வேகத்தைத் தாங்கும். பல டிவிகளின் லேன் துளை 100 மெகாபிட்டோடு நின்றுவிடும். 4கே படத்துக்கு அதுவே மிகுதி. வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க முடியாதென்றால், தட்டையான கேபிளைச் சுவரோரமாகத் தரையை ஒட்டிக் கொண்டுபோகலாம். அதற்கும் வழியில்லையென்றால், வைஃபை அலையை வாங்கி மேலும் தூரத்துக்கு அனுப்பும் மெஷ் கருவி வாங்குங்கள். அதை டிவிக்குப் பக்கத்தில் வைக்காமல், கேட்வேக்கும் டிவிக்கும் நடுவழியில் வையுங்கள். அலை ஏற்கெனவே செத்துப்போன இடத்தில் நின்றுகொண்டு அதனால் எதைப் பெற்று எதை அனுப்ப முடியும்?

பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் இருக்கும். அதைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, இரண்டு கடவுச்சொற்களையும் மாற்றுங்கள்: வைஃபைக்கு உரியது ஒன்று, கேட்வேயின் அமைப்புப் பக்கத்தில் (செட்டிங்ஸ்) நுழைவதற்கு உரியது மற்றொன்று. இரண்டாவதைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தும் குறிப்பிட்ட படம் மட்டும் வரவில்லையென்றால் கேட்வேயைக் குடைய வேண்டாம். ஒளிபரப்பு உரிமை நாட்டுக்கு நாடு மாறும்; தாய்நாட்டில் கட்டிய சந்தா நீங்கள் குடியேறிய நாட்டில் முழுதாகச் செல்லுபடியாகாமல் போகலாம்.

கேட்வே பெரும்பாலும் நிறுவனத்தின் சொத்து. அது வந்த அட்டைப்பெட்டியையும் மின் அடாப்டரையும் பத்திரப்படுத்துங்கள். வீடு மாறும்போது திருப்பிக் கொடுக்கத் தவறினால் அதன் விலையை உங்கள் கணக்கில் ஏற்றிவிடுவார்கள். கொடுத்தால் ரசீது வாங்காமல் வராதீர்கள்.