பேங்க்ஸி பிரிண்ட் வாங்குகிறவர்கள் ஏமாறும் இடங்கள்

ஈட்டி ஏந்திய ஆதிமனிதர்கள் மூன்று பேர் பதுங்கிப் பதுங்கிப் போகிறார்கள், வேட்டை மானுக்கோ பன்றிக்கோ இல்லை, சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டிக்கு. முகம் காட்டாத பிரிட்டிஷ் தெரு ஓவியர் பேங்க்ஸியின் ‘ட்ராலீஸ்’ இது, 2006ல் லாஸ் ஏஞ்சலஸ் கண்காட்சியையொட்டி வந்த பிரிண்ட். நம் வாங்கும் வெறியைக் கிண்டலடிக்கும் படத்தையே விலை மலிவு என்றதும் விசாரிக்காமல் வாங்கி ஏமாறுகிறவர்கள் இருக்கிறார்கள், என்ன சொல்ல.

பெரிய தவறு, சான்றிதழ் இருக்கிறது என்றதும் நம்பிவிடுவது. சான்றிதழை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். பேங்க்ஸி படங்களுக்கு செல்லுபடியாவது 2008ல் தொடங்கிய பெஸ்ட் கன்ட்ரோல், அதாவது அசல்தானா என்று சான்று தரும் பேங்க்ஸியின் சொந்த அலுவலகம், தருவது மட்டும்தான். அதில் டயானா முகம் போட்ட பொம்மை பத்து பவுண்டு நோட்டு ஒன்று பாதியாகக் கிழித்து இணைக்கப்பட்டிருக்கும், மேலே கையால் எழுதிய எண். மறுபாதி அவர்களிடம், இரண்டும் பொருந்தினால்தான் ஆச்சு. கேலரி முத்திரை, பழைய ரசீது, கண்காட்சி கேட்லாக் எதுவும் இதற்கு ஈடாகாது. 2024 நவம்பரில் இத்தாலியப் போலீஸ் பிடித்த கும்பலிடம் பேங்க்ஸி, வார்ஹால், பிக்காசோ என்று பல பெயர்களில் 2,100க்கும் மேற்பட்ட போலிகள் சிக்கின, அந்தக் கும்பல் கண்காட்சியே நடத்தியிருந்ததாம்!

சுவரிலிருந்து பெயர்த்தது, தெருவில் கிடைத்தது என்று யாராவது விற்றால் அப்படியே நகர்ந்துவிடுங்கள், தெருவில் வரைந்தவற்றுக்கு பெஸ்ட் கன்ட்ரோல் சான்று தருவதில்லை.

அப்புறம் லென்ஸ் சோதனை. பூதக்கண்ணாடியில் பொடிப்பொடிப் புள்ளிகள் தெரிந்தால் அது பெரும்பாலும் கம்ப்யூட்டர் பிரிண்ட். ஸ்கிரீன் பிரிண்டில், அதாவது சல்லடைத் துணி வழியாக மையைத் தள்ளி அச்சடித்ததில், மை, கல்யாணப் பத்திரிகை எழுத்து மாதிரி, ஒரே திட்டாகப் படிந்திருக்கும். ஆனால் போலியையும் ஸ்கிரீனில் அடிக்கிறார்கள், அதனால் இந்தச் சோதனை கழித்துக்கட்டத்தான் உதவும், உறுதிப்படுத்த உதவாது. ‘நகல்’ என்று நேர்மையாகச் சொல்லி விற்ற பிரதிகூட இரண்டு கை மாறினால் அந்த வார்த்தையைத் தொலைத்துவிடும். கையெழுத்துள்ளதற்கும் இல்லாததற்கும் விலை வித்தியாசம் பெரிது, அதனால் கையெழுத்து பிற்பாடு வேறு யாராவது போட்டதா என்றும் பாருங்கள்.

சரி, அசலே கிடைத்துவிட்டது என்று வையுங்கள். ஃபிரேம் கடையில் கொடுத்தால் அளவு சரியில்லை என்று வெள்ளை ஓரத்தை வெட்டிவிடுவார்கள், எத்தனையில் எத்தனையாவது பிரதி என்று பென்சிலில் எழுதிய எண் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அட்டையில் பசை போட்டு ஒட்டவும் விடாதீர்கள். அமிலமில்லாத அட்டையும் புற ஊதா தடுக்கும் கண்ணாடியும் கேட்டு வாங்குங்கள், வெயில் விழும் சுவரில் மட்டும் மாட்ட வேண்டாம்.