பட்டாளமும் ஃபேக்டரியும் தேயிலையும் இருக்கும் ஊரில் பணம் எப்படி ஓடுகிறது: குன்னூரை வைத்துக் கண்டுபிடிக்கும் வழி

குன்னூரில் கடை போடலாமா, வீடு வாங்கி வாடகைக்கு விடலாமா என்று யோசிக்கிறவர்கள் பெரும்பாலும் மே மாதத்தில் வந்துதான் ஊரைப் பார்க்கிறார்கள். சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி, பெட்போர்டில் வண்டி நகராத நெரிசல், மலை ரயிலில் இடம் கிடைக்காத கூட்டம். இதைப் பார்த்துவிட்டு, சுற்றுலாதான் இந்த ஊருக்குச் சோறு போடுகிறது என்று முடிவு செய்து முதலைப் போட்டால் ஜூலை மழையில் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஊரை வருஷம் முழுக்க நிறுத்தி வைத்திருப்பது வேறு பணம். வெலிங்டன் பட்டாளத்தின் சம்பளம், ராணுவத்துக்கு வெடிமருந்து செய்யும் அருவங்காடு கார்டைட் ஃபேக்டரியின் சம்பளம், சுற்றியிருக்கும் கிராமங்களின் பச்சைத் தேயிலைக் காசு, அப்புறம் ஓய்வூதியம். இவை எங்கிருந்து வருகின்றன, எந்தத் தேதியில் வருகின்றன, எந்த வழியாக ஊரைவிட்டு வெளியே போகின்றன என்று தெரிந்துகொள்வது எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். கடை போடுபவருக்கும் உதவும், கல்லூரியில் பொருளாதார ஆய்வு செய்யும் பிள்ளைகளுக்கும் உதவும், வார்டு கவுன்சிலர் ஒருவர் படித்தால் எனக்கு இன்னும் சந்தோஷம்.

முதல் வேலை, எந்த நிலம் யார் கையில் என்று பாருங்கள்

பஸ்ஸில் போகும்போது குன்னூர், வெலிங்டன், அருவங்காடு எல்லாம் ஒரே ஊராகத்தான் தெரியும். நிர்வாகத்தில் அப்படி இல்லை. குன்னூர் ஒரு நகராட்சி, 2011 கணக்கெடுப்பில் 45 ஆயிரத்துச் சொச்சம் பேர். வெலிங்டன் தனி கண்டோன்மென்ட், அதாவது பட்டாளம் இருக்கும் இடத்துக்கான தனி உள்ளாட்சி, அங்கே 19 ஆயிரத்துச் சொச்சம். தமிழ்நாட்டில் கண்டோன்மென்ட் என்று இருப்பதே பரங்கிமலை-பல்லாவரமும் வெலிங்டனும் மட்டும்தான். அதைத் தாண்டி அருவங்காடு பக்கம் போனால் ஜெகதளா பேரூராட்சி.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால் கடை உரிமம், கட்டட அனுமதி, சொத்துவரி எல்லாமே இந்த எல்லைகளைப் பொறுத்து மாறும். கண்டோன்மென்டுக்குள் கடை எடுக்கிறீர்கள் என்றால் போக வேண்டியது கண்டோன்மென்ட் போர்டு அலுவலகம், நகராட்சி இல்லை. அங்கே நிலத்துக்குப் பொது நிலப் பதிவேடு என்று தனியாக ஒன்று உண்டு. பல பழைய பங்களாக்களில் கட்டடம் மட்டும்தான் தனியாருடையது, நிலம் அரசாங்கத்துடையது. அந்தப் பதிவேட்டில் நிலத்தின் வகையைப் பார்க்காமல் ஒரு ரூபாய்கூட அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று. அரசியல் சட்டத்தின் 285-ஆம் பிரிவுப்படி மத்திய அரசின் சொத்துக்கு உள்ளூர் வரி கிடையாது, அதற்குப் பதிலாகச் சேவைக் கட்டணம் என்று ஒரு தொகை பேசி வாங்கிக்கொள்கிறார்கள். அதனால் ராணுவமும் ஆலையும் எத்தனை ஏக்கர் வைத்திருந்தாலும் பக்கத்து உள்ளாட்சிக்கு அந்த அளவுக்கு வருமானம் வராது. குப்பை, சாலை, தண்ணீர்ச் செலவு மட்டும் வரும். கண்டோன்மென்டுகளின் சிவில் பகுதிகளைப் பக்கத்து உள்ளாட்சிகளோடு சேர்க்கும் முயற்சி நாடு முழுக்க நடக்கிறது, இமாசலத்தின் யோல் 2023-இல் முதலாவதாகக் கண்டோன்மென்ட் பட்டியலிலிருந்து வெளியே வந்தது. வெலிங்டனில் முதல் போடுகிறவர்கள் இந்தச் செய்தியைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும், வரியும் விதியும் மாறும்.

அடுத்தது, வெளியிலிருந்து வரும் பணத்தைத் தனியாகப் பிரியுங்கள்

ஊருக்குள் இருக்கும் எல்லாத் தொழிலையும் ஒரே பட்டியலில் எழுதாதீர்கள். சலூன், பேக்கரி, ஆட்டோ, மளிகை இவையெல்லாம் ஏற்கெனவே ஊருக்குள் வந்த பணத்தைக் கைமாற்றுகின்றன. புதிதாகப் பணத்தை உள்ளே கொண்டுவருவது எது என்பதுதான் கேள்வி. குன்னூர் வட்டாரத்துக்கு அந்தப் பட்டியல் நீளமானது, எல்லாம் பழையது. 1850-களின் தொடக்கத்தில் ஜெகதளாவை ஒட்டி வெள்ளைக்காரர்கள் படைவீடு கட்டினார்கள், பிறகு வெலிங்டன் பிரபுவின் பெயர் வைத்தார்கள். பிரிவினையின்போது ராணுவ அதிகாரிகள் படிக்கும் ஸ்டாஃப் காலேஜ் குவெட்டாவிலிருந்து 1947-இல் இங்கே வந்தது. 1758-இல் தொடங்கும் வரலாறு கொண்ட மெட்ராஸ் ரெஜிமென்டின் பயிற்சி மையமும் இங்கேதான், ஊரில் எம்.ஆர்.சி. என்றால்தான் தெரியும். அருவங்காடு கார்டைட் ஃபேக்டரி 1900-களின் தொடக்கத்தில் வந்தது, அதற்கு மின்சாரம் கொடுப்பதற்காகவே காட்டேரி அருவியில் நீர்மின் நிலையம் கட்டினார்கள். 1907-இல் பாஸ்டியர் ஆய்வகம், 1893-இல் தொடங்கிய தோட்ட முதலாளிகளின் சங்கமான உபாசி, 1963 முதல் தேயிலை ஏலம்.

ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று விஷயம் எழுதுங்கள்: பணம் யாரிடமிருந்து வருகிறது, எத்தனை கைகளுக்குப் போகிறது, யார் முடிவு செய்தால் நிற்கும். மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பட்டாளமும் கார்டைட்டும் டெல்லியின் முடிவு. தேயிலை உலகச் சந்தையின் முடிவு. உள்ளூர்க்காரர்கள் முடிவு செய்யக்கூடியது இதில் எவ்வளவு குறைவு என்று எழுதிப் பார்த்தால்தான் தெரியும்.

பட்டாளப் பணம் எங்கே கசிகிறது

இதில்தான் அதிக நேரம் செலவிடச் சொல்வேன். 'ஆயிரக்கணக்கான வீரர்கள் இருக்கிறார்கள், அத்தனை பேரும் வாடிக்கையாளர்கள்' என்று கணக்குப் போடுவது பெரிய பிழை. பயிற்சியில் இருக்கும் இளைஞனுக்குச் சாப்பாடு, உடை, தங்குமிடம் எல்லாம் உள்ளேயே. வெளியே வரும் நேரமும் கட்டுப்பாடானது. குடும்பத்தோடு இருப்பவர்கள் சோப்பு முதல் ஃபிரிட்ஜ் வரை ராணுவ கேன்டீனில் வரிச் சலுகையோடு வாங்கிக்கொள்கிறார்கள், முன்னாள் ராணுவத்தினருக்கும் அந்த அட்டை உண்டு. வீடு குவார்ட்டர்ஸ், மருத்துவம் ராணுவ மருத்துவமனை. சம்பளத்தில் பெரும்பங்கு சொந்த ஊருக்குப் போய்விடும், கேரளத்துக்கோ ஆந்திரத்துக்கோ மதுரைப் பக்கத்துக்கோ. ஆகவே கேன்டீனோடு போட்டி போடும் சரக்கை வைத்துக் கடை திறக்காதீர்கள்.

அப்படியென்றால் வெளியே என்னதான் வாங்குகிறார்கள் என்பதைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிளாக் பிரிட்ஜ் பக்கமும் குன்னூர் பஸ் ஸ்டாண்டு பக்கமும் நின்று பைகளைப் பாருங்கள். தையல் வேலை, செல்போன் ரிப்பேர், ரீசார்ஜ், டிரங்குப் பெட்டி, ஊருக்குக் கொண்டுபோகும் வர்க்கி, டீத்தூள், ஒருவேளை நல்ல பிரியாணி. அதிகாரி வீடுகளில் இருந்து பூச்செடி, பேக்கரிப் பண்டம், பிள்ளைகளின் டியூஷன், டாக்ஸி, வீட்டு வேலைக்கு வரும் பெண்களின் சம்பளம். கேன்டீன் தர முடியாதது எதுவோ அதில்தான் ஊருக்கு வருமானம்.

ஒப்பந்த வேலைகளும் உண்டு. கட்டடப் பராமரிப்பு, காய்கறி, பால், லாரி. இதற்கு டெண்டர் யார் எடுக்கிறார்கள், உள்ளூர் ஆளா வெளியூர்க் கம்பெனியா என்று விசாரியுங்கள். டெண்டர் வெளியூர் போனால் கூலி மட்டும்தான் இங்கே தங்கும்.

ஓய்வூதியத்தை மறந்துவிடாதீர்கள். ஃபீல்டு மார்ஷல் மானெக்‌ஷா ஓய்வுக்குப் பிறகு குன்னூரிலேயே வாழ்ந்து 2008-இல் வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் காலமானார். அவரைப் போல ராணுவ வாழ்க்கையை முடித்து இங்கேயே தங்கியவர்கள் நிறைய. மாதம் தவறாமல் வரும் அந்தப் பணம் மருந்துக் கடைக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் தோட்டக்காரருக்கும் போகிறது. ஆனால் 2022-இல் வந்த அக்னிபத் திட்டத்தில் பட்டாளத்தில் சேரும் அக்னிவீரர்களில் நான்கு வருஷம் முடிந்ததும் அதிகபட்சம் 25 சதவீதம் பேர்தான் தொடர்வார்கள், மற்றவர்களுக்கு ஒரே தொகையாகச் சுமார் 11.7 லட்சம் ரூபாய், ஓய்வூதியம் இல்லை. வீரர்கள் சொந்த ஊர் திரும்பி வாழும் கிராமங்களையும் சேர்த்து, இது 20 வருஷம் கழித்து என்ன செய்யும் என்று இப்போதே யோசிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

காலண்டர் போடுங்கள்

ஒரு பெரிய தாளில் பன்னிரண்டு மாதத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். ஸ்டாஃப் காலேஜ் படிப்பு ஜூனில் தொடங்கி ஏப்ரலில் முடியும், முப்படை அதிகாரிகளும் நட்பு நாட்டு அதிகாரிகளும் குடும்பத்தோடு வந்து, வருஷம் முடிந்ததும் மொத்தமாகக் கிளம்புகிறார்கள். ஆகவே ஏப்ரலில் பேக்கர்ஸ் லாரிகள், பழைய மேஜை நாற்காலி விற்பனை, ஜூனில் பள்ளிச் சேர்க்கை, கேஸ் இணைப்பு, திரைச்சீலை. இந்த மாற்றம் சுற்றுலா சீசனோடு முன்னும் பின்னும் உரசுகிறது. எம்.ஆர்.சி.யில் சத்தியப் பிரமாண அணிவகுப்பு நடக்கும் சமயங்களில் தென்மாநிலங்கள் முழுவதிலிருந்தும் பெற்றோர் வருவார்கள், நடுத்தர வாடகை லாட்ஜுகளுக்கு அது நல்ல வியாபாரம். ஃபேக்டரி போனஸ் ஆயுத பூஜையை ஒட்டி. தேயிலைக்கு ஏப்ரல் முதல் ஜூன் வரை ஒரு கொழுந்துப் பருவம், செப்டம்பர் முதல் நவம்பர் வரை இன்னொன்று, டிசம்பர் ஜனவரியில் பனியில் இலை கருகி வரத்து விழும். 2024 மே முதல் நீலகிரிக்கு இ-பாஸ் கட்டாயம் என்பதையும் சுற்றுலாக் கட்டத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்தக் காலண்டரில் எந்த மாதம் எல்லாப் பணமும் ஒன்றாக ஒடுங்குகிறதோ அந்த மாதத்தின் வாடகையைக் கட்ட முடியுமா என்று பாருங்கள்.

தேயிலையைத் தனியாகப் படியுங்கள்

சம்பளப் பணம் சில ஆயிரம் குடும்பங்களுக்கு நிச்சயமாக வரும். தேயிலைப் பணம் அதைவிட மிக அதிகமான குடும்பங்களுக்குப் போகும், ஆனால் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் படுக மக்களும் மற்ற சிறு விவசாயிகளும் இலையைப் பறித்துக் கூட்டுறவு ஆலைக்கோ தனியார் ஆலைக்கோ கொடுக்கிறார்கள். ஒரு கிலோ டீத்தூளுக்கு நான்கு கிலோவுக்கு மேல் இலை வேண்டும். ஏலத்தில் கிடைத்த சராசரி விலையை வைத்து, ஆலைக்கு இவ்வளவு, விவசாயிக்கு இவ்வளவு என்று பங்கிட்டுத் தேயிலை வாரியம் மாதாமாதம் பச்சைத் தேயிலைக்கு விலை அறிவிக்கும். அந்த ஒரு எண்ணைத் தொடர்ந்து ஒரு வருஷம் குறித்து வந்தால் குன்னூர் மார்க்கெட்டின் நகைக்கடை, பாத்திரக்கடை, துணிக்கடை வியாபாரம் ஏன் ஏறுகிறது இறங்குகிறது என்று பாதி புரிந்துவிடும்.

சோவியத் யூனியன் உடைந்து அந்தச் சந்தை ஆட்டம் கண்டபின் 1990-களின் கடைசியில் விலை சரிந்தபோது அடி வாங்கியது கிராமங்கள்தான். 2023-இலும் கிலோவுக்குக் குறைந்தபட்சம் 33.50 ரூபாய் கேட்டுச் சிறு விவசாயிகள் தொடர் உண்ணாவிரதம் இருந்தார்கள். பிள்ளைக்கு மத்திய அரசு வேலை கிடைக்க வேண்டும் என்று இந்தக் கிராமங்களில் ஏன் அப்படித் தவிக்கிறார்கள் என்றால் இதுதான் காரணம். வீட்டில் ஒருவர் கார்டைட்டில், மற்றவர்கள் தோட்டத்தில் என்றிருக்கும் குடும்பம் விலை விழும் வருஷத்தையும் தாண்டிவிடும். உங்கள் ஆய்வில் குடும்பங்களை ‘தேயிலை’, ‘ஃபேக்டரி’ என்று பிரித்துக் கேள்வித்தாள் தயாரித்தால் இந்தக் கலப்பு கண்ணில் படாமல் போய்விடும். வீட்டுக்கு வரும் எல்லா வருமானத்தையும் ஒன்றாகக் கேளுங்கள்.

ஒன்று மூடினால் என்ன ஆகும் என்று எழுதிப் பாருங்கள்

கற்பனை செய்ய வேண்டாம், பக்கத்திலேயே நடந்திருக்கிறது. ஊட்டி இந்து நகரில் 1960-இல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஆயிரக்கணக்கானோருக்கு வேலை கொடுத்தது. இறக்குமதிப் போட்டியிலும் கடனிலும் 1990-களில் நலிந்த நிறுவனமாக அறிவிக்கப்பட்டது, டிஜிட்டல் வந்து மிச்சத்தையும் முடித்தது, 2014-இல் விருப்ப ஓய்வோடு மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. மூடியபின் போனது சம்பளம் மட்டும் இல்லை. ஐ.டி.ஐ. முடித்த பையன் மலையைவிட்டு இறங்காமலே ஒரு தொழில் கற்றுக்கொள்ளும் வாய்ப்பும் போனது, இன்று அவன் கோயம்புத்தூரிலோ திருப்பூரிலோ இருக்கிறான். குன்னூர் பாஸ்டியரிலும் 2008-இல் தடுப்பூசி உற்பத்தி உரிமம் நிறுத்தப்பட்டது, 2010-இல் அந்தத் தடை விலக்கப்பட்டது. நூற்றாண்டு தாண்டிய நிறுவனத்துக்கே ஒரு கடிதம் போதும்.

கார்டைட் விஷயத்தில், 2021 அக்டோபர் 1 முதல் ஆலை நேரடி அரசுத் துறையாக இல்லாமல் மியூனிஷன்ஸ் இந்தியா என்ற பொதுத்துறை நிறுவனத்தின் கீழ் வந்தது. தொழிலாளர்கள் 2019 ஆகஸ்டிலேயே இதை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தார்கள். நீங்கள் கவனிக்க வேண்டியது ஆலையில் மொத்தம் எத்தனை பேர் என்பதை மட்டும் இல்லை. ஓய்வு பெறுபவரின் இடத்துக்கு வரும் ஆள் நிரந்தரமா, குறிப்பிட்ட சில வருஷ ஒப்பந்தமா என்று பாருங்கள். ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு வங்கியில் வீட்டுக்கடன் கிடைப்பது கஷ்டம், அவர் சேமிப்பும் செலவும் வேறு மாதிரி இருக்கும், நிலம் வாங்கும் ஆளும் குறைவார்.

கடைசியாக, யாரிடம் கேட்பது. அலுவலகங்களில் தரும் எண்களைவிட இவர்கள் துல்லியமாகச் சொல்வார்கள்: இலை ஏஜென்ட், அருவங்காட்டில் நீண்ட நாளாகக் கடன் நோட்டு வைத்திருக்கும் மளிகைக்காரர், வெலிங்டன் டாக்ஸி ஸ்டாண்டு டிரைவர்கள், அடகுக்கடைக்காரர். மாதத்தின் முதல் வாரத்தில் ஒருமுறை, இருபத்தைந்தாம் தேதிக்கு மேல் ஒருமுறை என்று இரண்டு தடவை போங்கள், அதே கேள்விகளைக் கேளுங்கள். ராணுவ எல்லைக்குள் அனுமதியில்லாமல் படம் எடுக்காதீர்கள், ஆள் எண்ணிக்கை விசாரிக்காதீர்கள், கடைத்தெருவில் கேட்டாலே உங்களுக்கு வேண்டியது கிடைத்துவிடும்.