அசையப் பயப்படும் முதுகு: அரபி பேசும் நோயாளியிடம் பயத்தை அளப்பது எப்படி?

வளைகுடா மருத்துவமனைகளுக்குப் பிசியோதெரபி வேலைக்குப் போகும் நம்மவர்கள் நிறையப் பேர். அங்கே மூன்று மாதத்துக்கு மேல் முதுகுவலியோடு வருகிறவர்களில் சிலருக்கு வலியைவிட, 'குனிந்தால் முதுகு போய்விடும்' என்ற பயம்தான் பெரிய தடை. கைனிசியோஃபோபியா எனப்படும் இந்தப் பயத்தை அளக்கப் பரவலாகப் பயன்படுவது டாம்பா அளவுகோல். மொத்தம் 17 வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் 'கொஞ்சமும் ஒப்பவில்லை' (1) முதல் 'முழுக்க ஒப்புகிறேன்' (4) வரை ஒரு பதில்.

படி 1. எலும்பு முறிவு, தொற்று, புற்றுநோய், சிறுநீர் கட்டுப்பாடு இழப்பு போன்ற அபாய அறிகுறிகள் இல்லை என்று முதலில் உறுதி செய்யுங்கள். இருந்தால் அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது; அளவுகோலை மூடிவைத்துவிட்டு டாக்டரிடம் அனுப்புங்கள்.

படி 2. முறையாக மொழிபெயர்த்து, அரபி நோயாளிகளிடம் சோதித்த படிவத்தையே எடுங்கள். கைப்பேசியில் நீங்களே மொழிபெயர்த்தது உதவாது.

படி 3. நோயாளியே நிரப்பட்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு அரபி தெரிந்த ஊழியர் ஒருவர் உள்ளதை உள்ளபடி வாசிக்கலாம். கூட வந்த மகனிடம் மட்டும் கொடுக்காதீர்கள், அப்பாவுக்காக அவரே பதில் சொல்லிவிடுவார். எழுத்து வலமிருந்து இடமாக ஓடுவதால், பதில் கட்டங்களும் வழக்கமாக வலது ஓரத்தில்தான் தொடங்கும். நம் கண் இடமிருந்து எண்ணப் பழகியது. எது 1, எது 4 என்று பார்த்துக்கொண்டு பதியுங்கள்.

படி 4. பலரும் சறுக்குவது கூட்டலில்தான். 4, 8, 12, 16-ஆம் வாக்கியங்கள் நான்கும் 'உடற்பயிற்சி செய்தால் வலி குறையும்' என்கிற ரீதியில், பயத்துக்கு எதிர்த்திசையில் பேசுபவை. அவற்றின் பதிலை 5-இலிருந்து கழித்த பிறகே சேர்க்க வேண்டும்.

ஒருவருக்கு மற்ற 13 வாக்கியங்களில் 28 என்று வைத்துக்கொள்வோம். இந்த நான்கில் அவர் குறித்தது 2, 1, 2, 3. திருப்பினால் 3, 4, 3, 2, அதாவது 12. மொத்தம் 40. திருப்ப மறந்தால் 36.

படி 5. மொத்தம் 17 முதல் 68 வரை வரலாம். 37-ஐத் தாண்டினால் பயம் அதிகம் என்பது வழக்கம். ஆகவே மேலே சொன்னவர் அந்த ஒரு மறதியால் பட்டியலிலிருந்தே விழுந்துவிடுவார். அதற்காக 37-ஐ வேதவாக்காகவும் பிடித்துக்கொள்ள வேண்டாம். அது நெதர்லாந்து நோயாளிகளை வைத்து வந்த எண்.

அப்புறம், எண்ணோடு நிறுத்தாமல் எந்த அசைவுக்குப் பயம் என்று கேளுங்கள். தொழுகிறவராக இருந்தால், ருகூவில் குனிவதும் ஸஜ்தாவில் நெற்றியைத் தரையில் வைப்பதும் அன்றாடம் பலமுறை வரும் அசைவுகள். நாற்காலியில் அமர்ந்து தொழத் தொடங்கிவிட்டாரா, எப்போதிலிருந்து, டாக்டர் சொல்லியா, தானாகவா? பயிற்சியை எங்கே தொடங்குவது என்பதற்கு 40 என்ற எண்ணைவிட இந்தப் பதில் கூடுதலாக உதவும்.

சில வாரச் சிகிச்சைக்குப் பிறகு மறுபடி அளக்கும்போது அதே படிவம், அதே முறை. முதல் தடவை வாசித்துக் காட்டியிருந்தால் இப்போதும் வாசித்தே காட்டுங்கள்.